தாய்சேய் நலத்தில் தாய் எங்கே?

1960களின் இறுதியில் தாய்லாந்துப் பெண் ஒருத்தி கருத்தடை மாத்திரை சாப்பிட நினைத்தால், டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. டாக்டர்களில் பெரும்பாலோர் பாங்காக்கில் இருந்தார்கள். பெண்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருந்தார்கள். ஆளுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள்.

அந்த நாட்டின் சுகாதார அமைச்சகத்துக்கு ஆலோசகராக 1967இல் வந்து சேர்ந்தார் ஆலன் ரோசன்ஃபீல்ட். பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் 1933இல் பிறந்தவர். தந்தையைப் போலவே மகப்பேறு மருத்துவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, நைஜீரியாவின் லாகோஸில் ஓராண்டு பணிபுரிந்துவிட்டு அங்கிருந்து வந்திருந்தார்.

கிராமங்களில் டாக்டர் இல்லையே தவிர, துணை மருத்துவச்சிகள் இருந்தார்கள். நம்மூர் நர்சம்மாவைப் போல வீடு வீடாகப் போகிறவர்கள், பிரசவம் பார்க்கிறவர்கள். மாத்திரையை ஏன் அவர்களே கொடுக்கக் கூடாது? இதற்காகத் தயாரானது ஒற்றைத் தாள். மஞ்சள் காமாலை உண்டா, மார்பில் கட்டி உண்டா, கால் வீங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தலைவலி கடுமையாக வருகிறதா என்று அதில் வரிசையாகக் கேள்விகள். கூடவே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் மாத்திரை கொடுக்கலாம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

சில மாகாணங்களில் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவச்சியிடம் வாங்கிய பெண்கள் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார்கள். டாக்டரிடம் போனவர்களுக்கு அவர்கள் எந்த விதத்திலும் சளைக்கவில்லை. 1970இல் சுமார் 3,500 துணை மருத்துவச்சிகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தாய்லாந்தின் பிள்ளைப்பேறு விகிதம் இரண்டை ஒட்டி இறங்கியது. பெருமை முழுவதும் ரோசன்ஃபீல்டுக்குச் சேராது. ஆணுறையை வெட்கப்படாமல் சந்தைக்குக் கொண்டுவந்த மீச்சாய் வீரவைத்யாவுக்கும், துணிந்த அமைச்சக அதிகாரிகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. ஆனாலும், தன் தொழிலுக்கே உரியதென்று எல்லாரும் நம்பிய அதிகாரத்தை இன்னொருவர் கையில் கொடுக்கச் சொன்னவர் ஒரு டாக்டர். அவர்மீது எனக்கு மதிப்பு பிறந்த இடம் இதுதான்.

தாய்லாந்தில் ஆறாண்டுகள் இருந்துவிட்டு அமெரிக்கா திரும்பியவர், 1985 ஜூலையில் சக ஆய்வாளர் டெபோரா மெய்னுடன் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாய்சேய் நலத்தில் தாய் எங்கே என்று தலைப்பிலேயே கேட்டது அந்தக் கட்டுரை. அப்போது உலகமெங்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எடை பார்த்தார்கள், உப்பு–சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகிறவளை இவற்றில் எதுவும் காப்பாற்றாது. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்துகொண்டிருந்தார்கள். தன் சொந்தத் துறையான மகப்பேறு மருத்துவத்தையும் ரோசன்ஃபீல்ட் விட்டுவைக்கவில்லை: இந்தச் சாவுகளைத் தடுக்கக் கூடியவர்களே முகம் திருப்பிக்கொண்டார்கள் என்றார்.

எந்தக் கர்ப்பிணிக்குச் சிக்கல் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. ஆபத்தில்லை என்று அட்டையில் எழுதி அனுப்பப்பட்டவளுக்கே நஞ்சுக்கொடி பிரியாமல் போகும், ஜன்னி காணும். பிரசவத்துக்குப் பிறகான பெரும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைக் குடித்துவிடும். எனவே எல்லாப் பெண்களுக்கும் எட்டுகிற தூரத்தில் அவசர சிகிச்சை இருந்தாக வேண்டும். இந்தச் சிந்தனையிலிருந்து வந்ததுதான் ஐ.நா. அமைப்புகள் 1997இல் வெளியிட்ட அளவுகோல்: 5 லட்சம் மக்களுக்கு ஐந்து அவசர மகப்பேறு சிகிச்சை நிலையங்கள், அவற்றில் ஒன்றிலாவது சிசேரியனும் ரத்தம் ஏற்றுவதும் நடக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘சீமாங்க்’ மையம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வழியில் வந்தது. 1999இல் கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 5 கோடி டாலரைக் கொண்டு, இத்தகைய சிகிச்சையை ஏழை நாடுகளில் பரப்பும் திட்டத்தைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கினார் ரோசன்ஃபீல்ட். அங்கே பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு 1986 முதல் 2008 வரை டீனாக இருந்தவரும் அவரே.

அதே கேள்வியை இன்னொரு முறையும் அவர் கேட்க வேண்டியிருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க, பிரசவ வலி கண்டதும் தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்து என்ற மலிவான முறை 1999இல் உகாண்டாவில் நிரூபணமானது. தொற்று பாதியளவு குறைந்தது. உலகம் கொண்டாடியது. குழந்தை பிழைத்தது, தாய்க்கு அந்த ஒரு மாத்திரையோடு சரி. அவள் வீட்டுக்குப் போய் எய்ட்ஸால் சாகலாம் என்பதுதான் அதன் பொருள். 2001இல் ரோசன்ஃபீல்டும் ஒரு சக ஆய்வாளரும் இதைக் கண்டித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டே அவர் முன்னின்று தொடங்கிய திட்டத்தில், தாய்க்கும் அவள் குடும்பத்தாருக்கும் தொடர் சிகிச்சை கிடைத்தது. அந்த மருந்துகளை ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்குக் கொடுத்துப் பயனில்லை, ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்று பெரிய பதவியில் இருந்தவர்களே பேசிய காலம் அது.

2005இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் அவரைப் பிடித்தது. 2008 அக்டோபர் 12 அன்று, 75 வயதில் மறைந்தார். சாவதற்குச் சில மாதங்கள் முன்புவரை டீன் பொறுப்பில் இருந்தார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 2023இல் இறந்த தாய்மார்கள் சுமார் 2,60,000. அவர்களில் கால் பங்குக்கு மேல் நைஜீரியாவில் மட்டும்.

அடுத்த வாரம், எகிப்தின் அஸ்யூத் நகரத்து மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லாவிடம் போவோம். ஒரு பெண் எதனால் இறந்தாள் என்று அவர் சொன்ன கதை, மருத்துவமனைக்கு வெளியே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.