தோமாவின் பக்கம் நின்றவர்கள்

1653 ஜனவரி 3 அன்று கொச்சியின் மட்டாஞ்சேரியில் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் கூடிய கூட்டத்தில் எல்லோராலும் சிலுவையைத் தொட முடியவில்லை. அதனால் சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அந்தக் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு மக்கள் சத்தியம் செய்தார்கள் என்கிறது மரபு. சேசு சபைப் பாதிரிமாருக்கும் அவர்களுடைய பேராயர் கார்சியாவுக்கும் இனி அடங்க மாட்டோம், ஆர்ச்டீக்கன் தோமாவே எங்கள் தலைவர் என்பதுதான் அதன் சாரம். 'கூனன் குரிசு சத்தியம்' எனப்படும் இதைக் கலகம் என்று எழுதுவோர் உண்டு. பழைய ஒழுங்கைக் காக்க நின்ற தலைவருக்கு அவருடைய மக்கள் கொடுத்த நியாயமான ஆதரவு என்றே நான் சொல்வேன்.

அந்த ஒழுங்கு எது? மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆயர் மெசொப்பொத்தேமியாவிலிருந்து வருவார். குருப்பட்டம் கொடுப்பது அவர் வேலை. நிர்வாகமும் அரசர்களோடு பேச்சும் உள்ளூர்க்காரரான ஆர்ச்டீக்கனின் பொறுப்பு. குருமாரும் குடும்பத் தலைவர்களும் பள்ளியோகம் என்ற சபைக் கூட்டத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். 1599-இல் கோவா பேராயர் மெனெசிஸ் உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டி, இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தையே அசைத்தார். சிரியாக் நூல்கள் பல பிழையானவை என்று ஒதுக்கப்பட்டன, எரிக்கவும் பட்டன. பிறகு வந்தவர்கள் லத்தீன் ஆயர்கள். ஆர்ச்டீக்கனின் அதிகாரம் தேய்ந்தது. 1652-இல் கீழைநாட்டு ஆயர் அகத்தல்லா நம் மயிலாப்பூருக்கு வந்ததும் போர்த்துக்கீசியர் அவரைப் பிடித்து வைத்தார்கள். அவரை ஏற்றிச் சென்ற கப்பல் கொச்சிக்கு வந்தபோது, அவரை ஒருமுறை பார்க்கவாவது விடுங்கள் என்று தோமாவும் குருமாரும் கேட்டார்கள், அதற்கும் இணங்கவில்லை.

அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற வதந்தியை நம்பித்தானே மக்கள் கொதித்தார்கள் என்று கேட்கலாம். வதந்தி பொய்தான், அவர் கோவாவுக்கும் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டார். ஆனால் 54 ஆண்டுக் குமுறலை ஒரு வதந்தி உண்டாக்கிவிட முடியாது. அந்த மக்கள் பேராயர் கார்சியாவிடம் முறையிட்டுப் பார்த்தவர்கள், பலன் கிடைக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. அதே ஆண்டு மே மாதம் ஆலங்காட்டில் பன்னிரண்டு குருமார் தலையில் கைவைத்துத் தோமாவை ஆயராக்கினார்கள். ஆயர் இல்லாமல் ஆயரை உருவாக்கலாமா? திருச்சபை முறைப்படி கூடாது. தோமா தரப்புக்கும் அந்தக் குறை உறுத்தியது. அதனால்தான் 1665-இல் அந்தியோக்கிய சபையின் மார் கிரகோரியோஸ் வந்தபோது அவரை வரவேற்றார்கள். பட்டத்தில் குறை இருந்தது என்பதற்காகக் கோரிக்கையும் தவறு என்று ஆகிவிடாது.

உள்ளூர்த் தலைமை வேண்டும் என்ற அந்தக் கோரிக்கை சரி என்பதற்கு ரோமின் செயலே சாட்சி. மக்களைத் திரும்ப அழைத்துவர கார்மேல் சபைத் துறவிகளை அனுப்பியது ரோம். பலர் திரும்பவும் செய்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்ததும் அந்தத் துறவிகளின் தலைவர் செபஸ்தியானி வெளியேற வேண்டியதாயிற்று. போகுமுன் அவர் ஆயராக்கியது பறம்பில் சாண்டியை; மலையாள மண்ணின் குரு, தோமாவின் ஆலோசகராகவே இருந்தவர். எதைக் கேட்டதற்காகத் தோமாவைப் பிரிவினைக்காரர் என்றார்களோ, அதை அவர்களே செய்ய வேண்டி வந்தது. முன்பே செய்திருந்தால் சபை உடைந்திருக்காது என்பது என் எண்ணம். ஆகவே பிளவின் பழியைத் தோமா மீது மட்டும் சுமத்துவது அநீதி.

அந்தக் கோரிக்கை முழுதாக நிறைவேறவும் நெடுங்காலம் பிடித்தது: ரோமோடு நின்ற மார்த்தோமா கிறிஸ்தவர்களுக்கு நிலையாக உள்ளூர் ஆயர்கள் வாய்த்தது 1896-இல்தான்.