வளரியும் மான் வேட்டையும்

வளரி என்பது மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கள்ளர், மறவர் முதலானோர் மான் வேட்டையிலும் போரிலும் பயன்படுத்திய எறிகருவி ஆகும். பிறை போல் வளைந்த இக்கருவி மரத்தாலும் இரும்பாலும் செய்யப்பட்டது. தந்தத்தாலான வளரிகளும் உண்டு.

வீசும் முறை

வளரியின் ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி வீசுவர். பொதுவாக இது எறிந்தவரிடம் திரும்பி வருவதில்லை. எனவே மானின் தொலைவையும் ஓட்டத்தையும் கணித்தே வீச வேண்டும். கைவலிமையோடு பொறுமையும் தேவை.

மருது சகோதரர்கள்

ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1795இல் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவுடன் நட்புக் கொண்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவர் அவரே என 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். தேர்ந்த கையில் வளரி நூறு கெஜம் வரை குறி தவறாது என்பதும் அவர் கூற்று. மூத்தவரான பெரிய மருது வேட்டை இன்பத்திலேயே பொழுதைக் கழித்தார் என்றும், ஆட்சிப் பொறுப்பை இளையவரே கவனித்தார் என்றும் அவர் குறிப்பிடுகிறார்.

1801இல் போர் மூண்டபோது வெல்ஷ் எதிரணியில் இருந்தார். வேட்டைக்குப் பழகிய காடே சகோதரர்களுக்குக் கடைசிப் புகலிடமாயிற்று. பிடிபட்ட இருவரும் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

இன்று

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வளரிகளைக் காணலாம்.