அட்டையில் ஒரு ரயில் நிலையம்: விரல் மரத்தவர்கள் கத்தி பிடிக்கலாமா?

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் நம் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு பெரியவர் வந்தார். பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இடக்கை ஆள்காட்டி விரலின் நுனி வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. எப்போது வெட்டுப்பட்டது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மேசையில் இருந்த அட்டையில் இரத்தக் கறையைக் கண்ட பிறகுதான் விரலையே பார்த்தாராம். உடன் வந்த மருமகள், “மாமா இனிமேல் கத்தியைத் தொடக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்” என்றார்.

அவர் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு ரயில் நிலையம். பேரனுக்கு யாரோ வாங்கித் தந்த பொம்மை ரயிலுக்கு, தம் சிறுவயது நிலையத்தை அட்டையில் செய்து தர வேண்டும் என்பது அவர் எண்ணம். வானூரில் ரயில் பாதை இல்லை. நமக்குத் தெற்கே, 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி பாதை செல்கிறது. அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் சின்னபாபுசமுத்திரத்தில் ஏறி விழுப்புரத்துக்குப் படிக்கப் போனவர் அவர். பிரிட்டனில் மெட்கால்ஃப், சூப்பர்குவிக் போன்ற நிறுவனங்கள் அச்சிட்ட அட்டைக் கட்டடங்களை விற்கின்றன. ஆனால் அவை அந்நாட்டு நிலையங்கள். நம் ஊர் ஓட்டுக் கூரை நிலையம் வேண்டுமானால் நாமே வரைந்து வெட்டத்தான் வேண்டும்.

தடை சொல்வது மருத்துவருக்கு எளிது. எனினும் மனைவி மறைந்த பிறகு அவர் விரும்பி உட்கார்ந்த வேலை அது ஒன்றுதான் என்று மருமகளே சொன்னார். ஆகவே புண் ஆறும்வரை கத்தி வேண்டாம், ஆறிய பின் முறையாக வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்றேன். இந்த வேலை நரம்பைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் கால்விரல்களில் தொடங்கி, பிறகே கைவிரல்களை எட்டும். எட்டிய பின் வலி என்னும் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அந்தக் காவலைக் கண்ணுக்கு மாற்ற வேண்டும்.

வெட்டுபவர்களுக்கு நேரும் காயங்களுக்குப் பெரும்பாலும் காரணம் அழுத்தமே. ஒரே இழுப்பில் அட்டையைத் துண்டிக்க முயல்கிறார்கள். கத்தி ஸ்கேலின்மேல் ஏறி, அதைப் பிடித்திருக்கும் இடக்கை விரலில் பாய்கிறது. முதல் இழுப்பு வெறும் கோடு போடுவதற்கு. அதே தடத்தில் மூன்று, நான்கு முறை மெல்ல இழுத்தால் அட்டை தானே பிரியும். மழுங்கிய அலகு அழுத்தத்தைக் கேட்கும். அதனால் அலகை அடிக்கடி மாற்றுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி செதுக்கிவிடும். ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். விரல் பதிய நடுவில் பள்ளம் உள்ள பாதுகாப்பு ஸ்கேல் கிடைத்தால், விரல் மரத்தவர்கள் அதையே வாங்குங்கள். விரல்கள் கத்தி செல்லும் பாதையில் இல்லை என்பதை ஒவ்வோர் இழுப்புக்கு முன்பும் கண்ணால் பாருங்கள்.

அட்டை தேடி அலைய வேண்டியதில்லை. நீங்கள் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைப் பெட்டிகளே போதும். அவர் கையாண்ட அளவு 1:87. அதில் ஒரு மீட்டர் பதினொன்றரை மில்லிமீட்டராகும். ஏழடிக் கதவு 24.5 மி.மீ. உயரம், ஒன்பது அங்குலச் சுவர் 2.6 மி.மீ. கனம். மாத்திரைப் பெட்டி அட்டையை ஐந்தாறு அடுக்காக ஒட்டினால் அந்தக் கனம் வந்துவிடும். (பழைய மீட்டர் கேஜ் பாதை இந்த அளவில் பதினொன்றரை மி.மீ.; பேரனின் ரயிலோ 16.5 மி.மீ. பாதையில் ஓடுவது. தாத்தாவுக்கு இதில் மனக்குறை உண்டு, பேரனுக்கு இல்லை.) சன்னல்களை முதலில் வெட்டுங்கள், சுவரின் வெளிக்கோட்டைக் கடைசியில். முழு அட்டையாக இருக்கும்போது பிடிக்க இடம் இருக்கும். சன்னலின் மூலையில் கத்தியை ஊன்றி நடுவை நோக்கி இழுங்கள். பிறகு கையைத் திருப்பாமல் அட்டையைத் திருப்பி எதிர்மூலையிலிருந்து இழுங்கள். கூரைக்கு நான்கு மி.மீ. அகலப் பட்டைகளைக் கீழ் விளிம்பிலிருந்து முகடு நோக்கி, ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்ட வேண்டும்.

அட்டைக்கு இழைப்போக்கு உண்டு. அதன் வழியே மடித்தால் மடிப்பு நேராக நிற்கும். குறுக்கே மடித்தால் விரிசல் விடும். இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால், எளிதாக வளையும் திசை எதுவென்று புலப்படும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் செய்யப்படும் கைத்தாளில் இந்தப் போக்கு அவ்வளவாகத் தெரியாது; ஆனால் அது நுண்ணிய வெட்டுக்கு ஏற்றதன்று. சுண்ணாம்பு பூசிய சுவரின் சொரசொரப்புக்கு மேலே ஒட்டலாம்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும் ஒன்றை மறக்க வேண்டாம். கை நடுங்கி வியர்த்தால் அதை வேலையின் பதற்றம் என்று எண்ணாதீர்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை அளவைப் பாருங்கள். களைத்திருக்கும்போதும் வெட்ட வேண்டாம். இரவுப் பணி முடிந்து வந்து ஒரு பிளாட்பாரக் கூரையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்து, என் கட்டைவிரலில் நானே இரண்டு தையல் வாங்கியவன்.

வெட்டுப்பட்டால் குழாய் நீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். இடையிடையே திறந்து பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் உண்பவர்களுக்கு இரத்தம் நிற்க நேரமாகும். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்தக் கூடாது. இரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய் பிளந்திருந்தாலும், விரலை மடக்க இயலாவிட்டாலும் உடனே வாருங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்பதையும் சொல்லுங்கள். விரல் மரத்தவர்கள் சிறு கீறலானாலும் மறுநாளே காட்டிவிடுங்கள்.

ஒடித்த அலகுத் துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அள்ளுபவர் கையைக் கிழிக்கும். மூடியுள்ள பழைய தகர டப்பாவில் சேருங்கள். பெரியவர் சென்ற மாதம் அப்படி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். விரலில் புதிய காயம் எதுவும் இல்லை. வெட்டும்போது மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளுக்குச் செங்காவி பூசுகிறாராம். கூரையில் இன்னும் இரண்டு வரிசை பாக்கி.