வாங்குவது பாதி, பழக்குவது பாதி

பழம் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ என்று பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்தால் நல்லது என நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு கொடுத்தால் நல்லதாகக் கிடைக்கும்?” என்பதைத்தான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிரான்ஸில் செய்யப்படும் ஓபினெல், எட்டாம் எண். ஐரோப்பியக் கடைகளில் ஏறத்தாழ 15 யூரோ. எஃகு நல்ல எஃகு, எடை 50 கிராமுக்குள், கைக்கு அடக்கம். ஆனால் வாங்கியவர்களில் சிலர் சில நாள் கழித்து, “நகம் உடைகிறது, கத்தி திறக்க மாட்டேன் என்கிறது” என்பார்கள். வேறு சிலர், “அலகு லொடலொடவென்று ஆடுகிறது, ஏமாந்துவிட்டேனா?” என்பார்கள். ஏமாறவில்லை. அந்தக் கத்தியோடு செய்ய வேண்டிய வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஒரு டீ குடிக்கும் நிதானத்தில் கேட்டால் அந்த வேலை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் கத்தியின் அமைப்பு. மொத்தம் ஐந்து பாகங்கள்: அலகு, மரப்பிடி, பிடியின் முனையைச் சுற்றிய எஃகுப் பூண், இவை மூன்றையும் குறுக்கே துளைத்துக் கோத்து நிற்கும் ரிவெட், பூணின் மேல் சுழலும் பூட்டு வளையம். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, திருகாணி கிடையாது, தகடு கிடையாது. ஒரே மரத்துண்டைக் கடைந்து உருட்டி, நீளவாக்கில் ரம்பத்தால் ஒரு பிளவு அறுத்திருக்கிறார்கள். அலகு அந்தப் பிளவுக்குள் மடங்குகிறது. மரம் அலகின் இரு பக்கத்தையும் அழுத்திப் பிடிக்கும் அந்த உராய்வுதான் ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. விலை குறைவாக இருப்பதற்கும், நாமே சரிசெய்ய முடிவதற்கும் காரணம் ஒன்றேதான்: இந்த எளிமை.

இதைச் செய்தவர் ஜோசப் ஓபினெல். ஆல்ப்ஸ் மலையின் சவோய் பகுதியில், சேன்-ஜான்-து-மோரியேன் ஊரை ஒட்டிய மலைக்கிராமத்தில் பிறந்தவர். அப்பாவின் பட்டறையில் கோடரியும் அரிவாளும் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1890ல், பதினெட்டு வயதில், உழவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படி இந்த மடக்குக்கத்தியை வடிவமைத்தார். 1897ல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணிட்ட வரிசையாக அளவுகள் வந்தன. 1909ல் முடிசூடிய கை அடையாளச் சின்னமாகப் பதிவானது. இன்றும் அலகில் அது இருக்கிறது. அப்போதெல்லாம் நான்கு பாகங்கள்தான். திறந்த அலகு அழுத்தத்தில் சட்டென மடங்கி விரலில் விழும் ஆபத்து இருந்ததால், 1955ல் மார்செல் ஓபினெல் ஐந்தாவது பாகமாகப் பூட்டு வளையத்தைச் சேர்த்தார். அதன் பெயர் விரோப்ளாக். 2000ம் ஆண்டு அதையே திருத்தி, மடக்கிய நிலையிலும் பூட்டும்படி செய்தார்கள். அதனால் பைக்குள் கத்தி தானாகத் திறந்துகொள்வதில்லை.

இப்போது தொல்லையின் வேருக்கு வருவோம். பிடி பெரும்பாலும் பீச் மரம். ஈரத்துக்கு நிறையவே விரிந்து சுருங்கும் மரங்களில் அது ஒன்று. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். மழைக்காலத்தில் மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இங்கே இன்னொரு சங்கதியும் சேர்கிறது. உப்பும் மரம் வெளியே போக முடியாதபடி எஃகுப் பூண் சுற்றி நிற்கிறது. ஆகவே அது உள்ளே, பிளவை நோக்கித் தள்ளி, அலகின் அடியை நெரிக்கிறது. வெளியே வார்னிஷ் பூசியிருந்தாலும் பிளவின் வழியே ஈரம் எளிதாகப் புகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கத்தி இறுகுவதும், நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் தளர்வதும் இதனால்தான். கத்தி பழுதாகவில்லை, மரம் மரமாக இருக்கிறது.

வாங்கும்போது முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது அளவு. எட்டாம் எண்ணில் அலகு 8.5 செ.மீ.; பெரும்பாலான கைகளுக்கும் வேலைகளுக்கும் அது பொருந்தும். ஏழாம் எண் 8 செ.மீ., கொஞ்சம் சிறிய கைக்கு நல்லது. ஐந்தும் அதற்குக் கீழும் உள்ள எண்களில் பூட்டு வளையமே கிடையாது. முதல் கத்தி வாங்குகிறவர் ஆறாம் எண்ணுக்குக் கீழே போக வேண்டாம்.

இரண்டாவது எஃகு. அலகில் ‘கார்போன்’ என்று பொறித்திருந்தால் கரியெஃகு, சுமார் 0.9 சதவீதம் கரிமம் உள்ளது. கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் துருப்பிடிக்கும். ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் துருப்பிடிக்காத எஃகு. எலுமிச்சை, மாங்காய், தக்காளி என்று புளிப்பு நறுக்குகிறவர்களும், கடலோரத்தில் இருப்பவர்களும், கத்தியை உடனே துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்களும் இனாக்ஸ் வாங்குங்கள். பராமரிப்பதில் விருப்பம் உள்ளவருக்குக் கார்போன். இரண்டில் எதுவும் மட்டம் இல்லை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால், மடக்கிய கத்தியை மேலிருந்து பாருங்கள். அலகு பிளவின் நடுவே அச்சாக நிற்க வேண்டியதில்லை. மரத்தில் உரசாமல் இருந்தால் போதும். மடக்கியபின் முனை வெளியே துருத்தக் கூடாது. திறந்து, வளையத்தைத் திருப்பிப் பூட்டி, அலகின் முதுகை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பூட்டு நழுவினால் அந்தக் கத்தி வேண்டாம், இன்னொன்றைக் கேளுங்கள். திறப்பது கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். இறுக்கத்தைக் குறைப்பது சுலபம்.

எப்படிக் குறைப்பது? வரிசைப்படி செய்ய வேண்டும். முதலில் எதையும் தேய்க்காமல், திறக்கும் உத்தியைப் பழகுங்கள். வளையத்தின் வெட்டைப் பிளவுக்கு நேராக வைத்து, மடக்கிய கத்தியைப் பிடித்து, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை வெளியே எழும்பும். பிறகு முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் திறந்துவிடலாம். இதைச் சவோய்காரர்களின் தட்டு என்றே பிரான்ஸில் சொல்கிறார்கள். அந்த மலைக்காரர்களுக்கும் கத்தி இறுகத்தான் செய்திருக்கிறது.

அடுத்தது உலர்த்தல். கத்தியைத் திறந்து, பூட்டி, காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் சில நாள் வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் மரம் வெடிக்கும். உலர்ந்தபின் ரிவெட்டைச் சுற்றி அலகு மரத்தோடு சேரும் இடத்தில் கொஞ்சம் வாசலினைத் தடவி, பல தடவை திறந்து மூடுங்கள். பெரும்பாலான கத்திகள் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

அப்படியும் இறுக்கம் போகாவிட்டால் மட்டும் உப்புத்தாள். கத்தியை மடக்கி வைத்துக்கொண்டு, சர்க்ளிப் பிளையரின் முனைகளை வளையத்தின் வெட்டில் கொடுத்து, கழன்று வரும் அளவுக்கு மட்டும் விரித்து எடுங்கள். அதிகம் விரித்தால் வளையம் தளர்ந்து பூட்டு கெடும். வளையம் தெறித்துப் பறக்கலாம், ஆகவே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். பிறகு அலகின் கூர்ப்பக்கத்தில் தடிமனாக டேப் சுற்றுங்கள். அலகைப் பாதி திறந்து, மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாக வெட்டி, சொரசொரப்பு மரத்தைப் பார்க்கும்படி அலகுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு இழுங்கள். இரு பக்கமும் சமமாக இழுத்தால்தான் அலகு நடுவில் நிற்கும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை திறந்து மூடிப் பாருங்கள். தேய்த்த மரம் திரும்ப வராது. அதனால்தான் உலர்த்துவதை முன்னால் வைத்தேன்: உப்பிய நிலையில் தேய்த்துவிட்டால் கோடையில் அலகு ஆடும்.

தேய்த்த இடம் பூச்சில்லாத வெறும் மரம். அங்கே காய்ச்சாத ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, உலர விடுங்கள். நாள் பிடிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய லின்சீட் ஆயிலில் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். உணவைத் தொடும் கத்திக்கு அது வேண்டாம். தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறதே என்று தோன்றும். அது உலர்ந்து படலமாகாது, நாளடைவில் சிக்கு வாடை வரும். இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கித் துணி தானாகத் தீப்பற்றலாம். வெளியே விரித்துப் போட்டு, முழுக்கக் காய்ந்தபின் எறியுங்கள்.

அலகு ஆடுகிறவர்களுக்கு வேறு வைத்தியம். ஏசி அறையிலோ கடும் கோடையிலோ ஆடினால் பருவம் மாறும்வரை பொறுத்துப் பாருங்கள். எல்லாக் காலத்திலும் ஆடினால், ரிவெட்டின் ஒரு தலையைக் கனமான இரும்பின் மேல் வைத்து, மறு தலையைச் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் சோதியுங்கள். இறுக்குவது சுலபம், இறுகிய ரிவெட்டைத் தளர்த்துவது மிகக் கடினம். பூட்டு வளையம் தளர்ந்திருந்தால் அதைக் கழற்றி, பிளையரால் சற்றே நெருக்கி மாட்டினால் போதும்.

கார்போன் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். அலகு சில நாளில் சாம்பலாகவும் நீலமாகவும் கறுக்கும். அதைக் கண்டு பதறித் தேய்க்காதீர்கள். சிவப்பாகப் பொடி உதிர்வதுதான் துரு. ஒட்டிப் படியும் கறுப்பு, துருவைத் தாமதப்படுத்தும் படலம். விரும்பினால் நாமே அதை வரவழைக்கலாம். பால் சேர்க்காத கடுந்தேநீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, மரத்தில் படாமல் அலகை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள். தேநீரின் டானின் இரும்போடு சேர்ந்து கரிய சேர்மமாகும். அந்தக் காலத்து எழுதும் மையில் கறுப்பு வந்ததும் இதே வேதியியலால்தான். பிறகு கழுவி, துடைத்து, சமையல் எண்ணெயை ஒரு சொட்டு தடவுங்கள். எந்த எஃகானாலும் கத்தியைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

கூர் தீட்ட 1000 எண் நீர்க்கல் ஒன்று போதும். கோணம் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் இருக்கட்டும். தாளின் மூலையை இரண்டாக மடித்தால் 45, மறுபடி மடித்தால் ஏறத்தாழ 22. அந்த மடிப்பைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்துக் கைக்குப் பழக்கலாம். ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்வரை தீட்டுங்கள், பிறகு மறு பக்கம். கடைசியில் அழுத்தமே இல்லாமல் மாறி மாறி இழுத்தால் பிசிர் உதிரும். செய்தித்தாளைத் தடங்கலின்றி வெட்டினால் வேலை முடிந்தது. கூரை விரலில் சோதிக்க வேண்டாம். மழுங்கிய கத்தியைத்தான் பலம் கொடுத்து அழுத்துகிறோம், நழுவி வெட்டுவதும் அதுதான்.

பயன்படுத்தும்போது முதலில் பூட்டுங்கள், பிறகு வெட்டுங்கள். மூடியை நெம்பவும் திருகாணி திருகவும் இந்த மெல்லிய அலகு தாங்காது. விமானத்தில் கைப்பையில் இந்த அளவுக் கத்தி கூடாது; செக்-இன் பெட்டியில் வையுங்கள். இங்கிலாந்தில் இருக்கும் உறவினருக்குப் பரிசளிக்க நினைத்தால் அங்கத்திய சட்டத்தையும் சொல்லுங்கள்: பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியை மட்டுமே காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். எட்டாம் எண் அதில் அடங்காது. வீட்டில் பயன்படுத்தத் தடையில்லை.

கடைசியாக, பணத்தைப் பற்றி. விலை உயர்ந்த கத்தி ஒன்றுக்காகச் சேமித்துக்கொண்டிருந்தால், அதில் ஒரு பகுதிக்கு இந்தக் கத்தியும் இன்னொரு பகுதிக்கு நல்ல தீட்டுக்கல்லும் வாங்குங்கள். மிச்சம் உங்களிடமே இருக்கட்டும். மரம் எப்போது உப்பும், எஃகு ஏன் கறுக்கும், பிசிர் எப்படி எழும் என்று கை அறிந்துகொண்டால், அந்த அறிவு வீட்டு அரிவாள்மனைக்கும் சமையல் கத்திக்கும் அப்படியே உதவும். விலை உயர்ந்த கத்தியில் கைவைத்துப் பழகத் துணிச்சல் வராது; இதில் வரும்.