படம் எடுப்பவரும் பிரிண்ட் போடுபவரும்

கறுப்பு வெள்ளை பிலிமில் எடுக்கப்படும் படம், கேமராவின் பொத்தானை அழுத்தும் நொடியில் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது. மறுபாதியை இருட்டறையில் தண்ணீர், இரசாயனம், கடிகாரம் ஆகியவற்றின் துணையோடு ஒருவர் தம் கையாலேயே செய்து முடிக்க வேண்டும். எடுத்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பிரிண்ட் போட்டவரின் பெயரோ பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. பினாங்குத் தமிழர்கள் இதைப் பிறர் கதை என்று கடந்துவிட முடியாது. ஏனெனில் இத்தீவின் ஒளிப்பட வரலாற்றின் தொடக்கக் கட்டத்திலேயே பிரிண்ட் போட்ட கைகள் மதராஸிலிருந்து வந்த கைகளாக இருந்தன.

பெயர் தெரியாத இருவர்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1862ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து, அதையடுத்துப் பினாங்கிலும் எதிர்க்கரையில் இன்று செபராங் பிறை எனப்படும் பகுதியிலும் 10 மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். பின்னாளில் சீனாவைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற அவர், 1875இல் வெளியான தமது பயண நூலில், பினாங்கில் மதராஸ்காரர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்துப் பிரிண்ட் போடுவதற்கும் உதவிக்கும் வைத்துக்கொண்டதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவர்களின் பெயரைச் சொல்லவில்லை. தமிழகத்தில் 1857, 1858ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைப் படம்பிடித்த லின்னேயஸ் ட்ரைப்பின் உதவியாளர் ஐயாசாமியின் பெயராவது ஆவணங்களில் எஞ்சியிருக்கிறது. பினாங்கின் இருவருக்கு அந்த அளவு நினைவும் கிட்டவில்லை.

அவர்கள் செய்த வேலை எளிதானதன்று. அக்காலத்தில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். பினாங்கு வெயிலில் அந்த ஈரம் நிற்கும் நேரமோ மிகக் குறைவு. இவ்வாறு கிடைத்த நெகட்டிவை, அதாவது வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் பதிந்த தலைகீழ்ப் படத்தை, முட்டையின் வெள்ளைக்கருவும் உப்பும் பூசி வெள்ளி நைட்ரேட்டில் பதப்படுத்திய தாளோடு சேர்த்து மரச்சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பார்கள். சட்டத்தின் பின்பலகை இரண்டு பாதிகளாகக் கீல் வைத்துச் செய்யப்பட்டிருப்பதால், ஒரு பாதியை மட்டும் திறந்து தாளைத் தூக்கிப் பார்த்து, படம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று கண்டறியலாம். கடைசியில் ஹைப்போ கரைசலில் இட்டு நிலைப்படுத்தும்போது படம் சற்று வெளுத்துவிடும் என்பதால், வேண்டிய அளவைவிடக் கூடுதலாகக் கறுக்கவிட்டு எடுக்க வேண்டும். எவ்வளவு கூடுதலாக என்பதைச் சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. பழகிய கண் ஒன்றே அதைச் சொல்லும். படத்தின் தரம் அந்த இருவரின் கண்ணையும் நம்பியே இருந்தது.

முகத்துக்கு ஒளி அளத்தல்

இன்று பினாங்கின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்துகொண்டு இக்கலையைக் கற்க விரும்பும் ஒருவர், முதலில் ஒளியை அளக்கப் பழக வேண்டும். பிலிமின் மேல் பூசப்பட்ட ஜெலட்டின் படலத்தில் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் உள்ளன. பிலிமைக் கழுவும் கரைசல், ஒளி பட்ட படிகங்களைக் கறுப்பு வெள்ளித் துகளாக மாற்றுகிறது. ஒளியே போதாத இடத்தில் எந்தக் கரைசலாலும் எதையும் வரவழைக்க முடியாது. ஆகவே நிழலுக்குத் தகுந்தபடி ஒளிகொடுத்து எடுக்க வேண்டும் என்பது கறுப்பு வெள்ளையின் முதல் பாடமாகும்.

தமிழ் முகங்களை எடுப்பவருக்கு இந்தப் பாடம் மிக முக்கியமானது. தைப்பூச விழாவில் வெள்ளி இரதத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டி நிற்கும் கருநிற முதியவர் ஒருவரைப் படமெடுப்பதாகக் கொள்வோம். கேமராவின் ஒளிமானி தன் முன் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணி அளப்பதால், வேட்டியின் வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடும். அவர் முகம் விவரமற்ற கறுப்பாய் அமிழ்ந்துபோகும். அருகில் சென்று முகத்தை மட்டும் அளந்து, அது சாம்பலைவிடச் சற்றுக் கருமையாகத் தெரியும்படி அந்த அளவிலிருந்து ஒரு படி மட்டும் குறைத்து எடுத்தால், கன்னத்தின் சுருக்கமும் நெற்றியில் திருநீற்றின் கோடும் தனித்தனியே பதியும். வேட்டியின் வெண்மை மிகுந்தாலும் அதைப் பிரிண்டில் அடக்கிக்கொள்ள வழியுண்டு. முகத்தை இழந்தால் இழந்ததுதான்.

28 டிகிரித் தண்ணீர்

அடுத்தது பிலிம் கழுவுதல். பிலிமை முழு இருட்டில் சுருளில் ஏற்றி, ஒளி புகாத தொட்டியில் அடைத்துவிட்டால், மீதி வேலையை விளக்கு வெளிச்சத்திலேயே செய்யலாம். முதலில் படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர், பிறகு அதன் வேலையை நிறுத்தும் மென்மையான அமிலக் கரைசலான ஸ்டாப் பாத், அடுத்து ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் ஃபிக்ஸர், இறுதியில் நல்ல தண்ணீர் என்பதே வரிசை.

கையேடுகள் சொல்லும் 20 டிகிரி செல்சியஸ் குளிர்நாட்டுக்கு உரிய கணக்கு. பினாங்கின் குழாய்த் தண்ணீரோ ஏறத்தாழ 28 டிகிரியில் வருகிறது. சூடு ஏற ஏற டெவலப்பரின் வேகம் கூடும். கழுவும் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே போனால் படம் திட்டுத் திட்டாகப் பதியும். டெவலப்பரை மட்டும் 20 டிகிரிக்குக் குளிர்வித்து, பிலிமைத் திடீரென்று வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் அலசுவதும் ஜெலட்டின் படலத்தைச் சுருங்கவைக்கக்கூடும். எனவே இவ்வூருக்கு 24 டிகிரி ஏற்ற நடுவழியாகும். அகன்ற பேசினில் தண்ணீர் ஊற்றி, அதில் கரைசல் போத்தல்களை நிறுத்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் பிலிமை, சம அளவு தண்ணீர் கலந்த ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் 13 நிமிடம் கழுவ வேண்டும். 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் போதும். காய்ந்த நெகட்டிவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைக்காவிட்டால், தீவின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துவிடும்.

சிவப்பு விளக்கின் கீழ்

ஜன்னலில்லாத குளியலறையே பிரிண்ட் போடப் போதுமான இருட்டறை. நெகட்டிவின் வழியே ஒளியைச் செலுத்தித் தாளில் பெரிதாக்கிப் பதிக்கும் கருவி என்லார்ஜர் எனப்படுகிறது. பிரிண்ட் தாளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது என்பதால், சிவப்பு விளக்கின் கீழ் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். முதலில் ஒரு துண்டுத் தாளை அட்டையால் மறைத்து, 3 நொடிக்கு ஒருமுறை அட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்தி ஒளி காட்டினால், கழுவியபின் 3, 6, 9, 12 நொடிகளுக்கான பட்டைகள் வரிசையாகத் தெரியும். சரியான நேரத்தை அவற்றிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டை வண்ண வடிகட்டிகளால் கூட்டவோ குறைக்கவோ இயலும். மஞ்சள் அதை மென்மையாக்கும், மெஜந்தா கடுமையாக்கும்.

கைவேலை இங்கேதான் தொடங்குகிறது. கம்பி நுனியில் ஒட்டிய சிறு அட்டையை முதியவரின் முகத்துக்கு மேல் சில நொடி அசைத்து ஒளியை மறைத்தால் முகம் தெளியும். விரல்களைக் குவித்து நடுவில் சிறு துளை விட்டு, அதன் வழியாக வேட்டியின் மீது மட்டும் கூடுதல் ஒளி காட்டினால், வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் துணியின் மடிப்பு எழும். கை அசையாமல் நின்றுவிட்டால் விளிம்பு கோடாகப் பதிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். ஈரத்தில் அழகாகத் தெரியும் பிரிண்ட் காய்ந்தபின் சற்றுக் கறுத்துவிடும் என்பதால், இன்று பிரிண்ட் போடுபவர் ஓர் இழை வெளுப்பாகவே எடுக்க வேண்டும். வெளுத்துவிடும் என்று கூடுதலாகக் கறுக்கவிட்ட அந்த இருவரின் கணக்கு திசை மாறி நிற்கிறது. கையில் இருக்கும் தாளைப் பார்த்து நாளைக்கு அது எப்படி இருக்கும் என்று காணும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருப்பதால் அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. ஜெலுத்தோங்கின் சாக்கடை நீர் போய்ச் சேரும் இடம் கடல். போத்தலில் சேர்த்துவைத்து இரசாயனக் கழிவு பெறுவோரிடம் ஒப்படைப்பதும் இக்கலையின் ஒழுக்கத்தில் அடங்கும்.

எல்லாம் முடிந்து பிரிண்ட் காய்ந்தபின், அதன் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் படத்தில் இருப்பவரின் பெயர், எடுத்த நாள், ஒளி காட்டிய நொடிகள், எந்த இடம் மறைக்கப்பட்டது, எந்த இடம் கறுக்கவிடப்பட்டது ஆகியவற்றை எழுதிவைப்பது வழக்கம். அடுத்த முறை அதே பிரிண்டைப் போட அக்குறிப்பு உதவும். அந்தக் குறிப்பின் கடைசியில் பிரிண்ட் போட்டவரின் பெயரையும் எழுதுவதற்கு ஒரு வரிக்குமேல் இடம் வேண்டாம். பினாங்கில் 1862ஐ ஒட்டிய அந்த 10 மாதங்களில் எழுதப்படாமல் போனது அந்த ஒரு வரிதான்.