அகதிகளைப் பற்றி ஒரு வீடியோ வந்தால்

"எங்கேயோ சண்டை, யாரோ அகதி. அதைப் பற்றிய பொய் எனக்கு என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் போலந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

உக்ரைனில் போர் வெடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. எல்லை தாண்டி ஓடிவந்தவர்களில் அங்கே படித்துக்கொண்டிருந்த இந்திய, ஆப்பிரிக்க மாணவர்களும் உண்டு. ப்ஷெமிஷ்ல் என்ற எல்லையோர ஊரில், வெள்ளையரல்லாத அகதிகள் வீடு புகுந்து திருடுகிறார்கள், பெண்களிடம் அத்துமீறுகிறார்கள் என்று சமூக ஊடகங்களில் பேச்சு பரவியது. அப்படி எதுவும் இல்லை, குற்றங்கள் கூடவும் இல்லை என்று போலீஸ் சொன்னது. ஆனாலும் ஒரு கும்பல் தெருவில் இறங்கியது. மூன்று இந்தியர்களை அடித்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அடிக்க வந்தவன் பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. தோலின் நிறத்தைப் பார்த்தான்.

இந்தப் பொய்களை யார் கிளப்புகிறார்கள்? காசுக்கோ அரசியலுக்கோ தெரிந்தே இட்டுக்கட்டுபவர்கள் உண்டு. ஆனால் அதைத் தெருத்தெருவாகத் தூக்கிச் சுமப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள். அதே மார்ச்சில் ஜெர்மனியில் ஒரு பெண் ரஷ்ய மொழியில் வீடியோ போட்டார். ஓய்ஸ்கிர்ஷென் என்ற ஊரில் பதினாறு வயதுப் பையனை உக்ரைன் அகதிகள் அடித்தே கொன்றுவிட்டார்களாம். குரலில் பதற்றம். பான் நகரப் போலீஸ் விசாரித்தது. கொலையும் இல்லை, செத்த பையனும் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிப் பேசிவிட்டதாக அந்தப் பெண்ணே பிறகு இன்னொரு வீடியோ போட்டார். முதல் வீடியோ போன தூரத்துக்கு இது எங்கே போகும்!

சரி, அகதிகளில் குற்றம் செய்பவர்களே கிடையாதா? உண்டு, எல்லா மக்களிலும் இருப்பதுபோல. நடந்த குற்றம் என்றால் ஊர், தேதி, காவல் நிலையம், வழக்கு எல்லாம் இருக்கும். பழியும் செய்த ஆள்மீது இருக்கும். "இவர்களே இப்படித்தான்" என்று ஒரு கூட்டத்தையே காட்டி, ஊரும் தேதியும் சொல்லாமல் வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

படமே இருக்கிறதே, படம் பொய் சொல்லுமா? படம் பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். ஒட்டியிருக்கும் கதைதான் வேறு. 2015இல் ஒரு சிரியா இளைஞர் ஜெர்மனியின் அப்போதைய சான்சலர் அங்கெலா மெர்கலுடன் செல்ஃபி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸில் குண்டு வெடித்தபோது "இவன்தான் அவன்" என்று அதே படம் சுற்றியது. பெர்லினில் ஒருவன் லாரி ஏற்றி மக்களைக் கொன்றபோது மறுபடியும் சுற்றியது. இரண்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் ஃபேஸ்புக்மேல் வழக்குப் போட்டார். இப்படிப்பட்ட பதிவுகளை நிறுவனமே தேடித் தேடி நீக்க வேண்டியதில்லை என்று 2017இல் வூர்ட்ஸ்பர்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிட முடியாது.

அப்படியானால் நான் எப்படிச் சரிபார்ப்பது? போனிலேயே முடியும். படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸில் கொடுங்கள். இதற்குத் தலைகீழ்ப் படத்தேடல் (படத்தைக் கொடுத்து அது முன்பு எங்கெல்லாம் வந்தது என்று கண்டுபிடிப்பது) என்று பெயர். வருவதில் மிகப் பழைய தேதியைப் பாருங்கள். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் ஐந்து வருடம் முன்பே வந்திருந்தால் வேலை முடிந்தது. வீடியோ என்றால் கடைப் பலகையோ வண்டி நம்பரோ தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். பலகையில் இருக்கும் எழுத்து எந்த நாட்டு எழுத்து என்று பார்த்தாலே பாதிப் பொய் உடைந்துவிடும்.

குரல் பதிவுதான் கஷ்டம். தேட அதில் ஒன்றும் இருக்காது. ஊர் பெயரோடு "போலீஸ் மறுப்பு" என்று தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அனுப்பியவருக்கே மூலம் தெரியாது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டேனே? அழித்தால் மட்டும் போதாது. உங்களிடமிருந்து வாங்கி மற்றவர் அனுப்பிய பிரதிகள் அழியாது. அதே குரூப்பில் "நான் போட்டது தவறு" என்று எழுதுங்கள். பெரியவர் யாராவது அனுப்பியிருந்தால் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள், ரோஷம் வந்துவிடும். தனியாக, "சித்தப்பா, காலைல நீங்க போட்ட வீடியோ பழசு. போலீஸ் மறுத்த செய்தி இதோ, பாருங்க" என்றால் போதும். என் அனுபவத்தில் பாதிப் பேர் எடுத்துவிடுகிறார்கள்.

அகதிகளைப் பற்றிச் சொல்லும் பொய் ஒரு பக்கம். அகதிகளிடமே சொல்லும் பொய் அதைவிடக் கொடுமை. 2019 ஏப்ரலில், கிரீஸின் வடக்கு எல்லை திறக்கப் போகிறது, நடந்தே மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்விடலாம் என்று சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. நம்பியவர்கள் கூடாரமும் கைக்குழந்தையுமாக தெசலோனிக்கி அருகே தியாவாட்டா முகாமுக்கு வெளியே திரண்டார்கள். எல்லை திறக்கவில்லை. போலீஸுடன் மோதல், கண்ணீர்ப்புகை, வந்த வழியே திரும்புதல். அவ்வளவுதான்.

உங்கள் சொந்தத்தில், பழக்கத்தில் இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருப்பவர்கள் இருந்தால், "ஐ.நா. மூலம் கனடாவுக்கு இடம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் செய்தியைக் காட்டி உங்களிடம் கேட்கக்கூடும். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்துக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, நேரில் கேட்கலாம். பதிவுக்கும் சரி, வேறு நாட்டில் குடியமர்த்துவதற்கும் சரி, அந்த ஆணையம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை.