ஓரங்களில் ஓடும் காப்பாளர்



கால்பந்தாட்டத்தைப் பற்றி நீங்கள் நிகழ்த்தும் வாதங்களுள் ஒன்று மிகவும் சுவையானது. ஓர் அணி தன் ஆட்களை ஆடுகளத்தின் நடுவிலேயே நெருக்கி நிறுத்திக்கொண்டு, இரண்டு ஓரங்களையும் இரண்டு 'ஃபுல்பேக்'குகளின் கால்களுக்கே ஒப்படைத்துவிடலாமா என்பதே அது. "வெற்றி கிடைக்கிறதே, குறை என்ன?" என்பர் ஒரு சாரார். "ஒரே வழியை நம்பிய ஆட்டம் குறுகிய ஆட்டம், அவ்வழி அடைபட்டால் அணி என்ன செய்யும்?" என்பர் மற்றொரு சாரார். இரு தரப்பிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்டு என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலில் சிறிது கணக்குப் பார்ப்போம். பெரிய ஆடுகளத்தின் அகலம் பெரும்பாலும் 68 மீட்டர். கோலுக்கு முன்னே கோடிட்டிருக்கும் பெனால்டி பகுதியின் அகலம் ஏறத்தாழ 40 மீட்டர். எஞ்சுவது 28 மீட்டர்; அதாவது பக்கத்துக்கு 14 மீட்டர். தற்காத்து நிற்கும் அணி இயல்பாகவே நடுவில் கூடி, கோலுக்குமுன் சுவர்போல் நிற்கும். தாக்குகின்ற அணியும் நடுவிலேயே கூடினால், சுவரில் முட்டுவதன்றி வேறு பயன் இல்லை. ஆனால், ஓரத்திலுள்ள அந்த 14 மீட்டரில் ஒருவர் பந்துடன் விரைந்தால், அவரைத் தடுக்கச் சுவரிலிருந்து ஒருவர் விலகித்தான் ஆகவேண்டும். அவர் விலகிய இடத்தில் வாசல் திறக்கும். ஆகவே, அகலம் என்பது அலங்காரமன்று, தாக்குதலின் அடிப்படை. அதனை யார் தருவது என்பதே கேள்வி.

முற்காலத்தில் ஓர முன்னணியினரான 'விங்'குகள் அதனைத் தந்தனர். பின்காப்பாளர் தம் எல்லையைக் கடப்பது அரிது. 1958ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் பிரேசிலின் இடப்புறக் காப்பாளர் நில்டன் சாண்டோஸ், ஆஸ்திரியாவுக்கு எதிராகத் தாமே முன்னேறிச் சென்று கோல் அடித்தார். 1960களில் இத்தாலியின் இன்டர் அணியில் ஃபாக்கெட்டி என்னும் இடப்புறக் காப்பாளர் இதனைத் தம் வழக்கமான தொழிலாகவே ஆக்கிக்கொண்டார். இளமையில் அவர் முன்னணி ஆட்டக்காரராக இருந்தவர்.

இம்முறையின் ஆற்றலையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டியது 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம். பிரேசிலின் வலப்புற முன்னணி ஆட்டக்காரர் ஜெயர்சினோ தம் இடத்தை விட்டு உள்ளே நகர்ந்தார். அவரைப் பின்தொடர்ந்து ஃபாக்கெட்டியும் நகர்ந்தார். காவலின்றிக் கிடந்த அந்த ஓரத்தில் பிரேசிலின் வலப்புறக் காப்பாளர் கார்லோஸ் ஆல்பர்டோ ஓடிவந்தார். பெலே நிதானமாகத் தள்ளிய பந்தைக் கோலாக்கினார். பிரேசில் 4-1 என வென்றது. ஓடி முன்னேறும் காப்பாளருக்கு முன்னோடியாக விளங்கியவரின் ஓரமே, அத்தகைய மற்றொரு காப்பாளருக்கு வாசலாயிற்று. ஓர் ஆள் அகன்ற இடம் இரு அணிக்கும் பொது என்பதை மறவாதீர்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். எங்கள் திற்பரப்பில் பாறைமேல் பரவி விழும் கோதையாறு, கீழே இறங்கிக் குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கிறது. அதற்கு வடமேற்கே, தூத்தூரை ஒட்டிய மீனவர் ஊர்களில் கால்பந்து உயிரோடு கலந்த விளையாட்டு. அவ்வூர்களுள் ஒன்றான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர் மைக்கேல் சூசைராஜ். இடப்புற ஓரத்தில் விரைந்து தாக்குவது அவர் பழகிய ஆட்டம். 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தபோது, பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவருக்கு வேறொரு பொறுப்பைத் தந்தார். பின்னே மூவர், இடையே ஐவர், முன்னே இருவர் என்பது அவ்வணியின் அமைப்பு. முன்னிருந்த ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் நடுவிலேயே உலவுவர். எனவே இடப்புறம் முழுவதும் சூசைராஜுக்கு. வலப்புறம் முழுவதும் பிரபீர் தாஸுக்கு. தாக்கும்போது இவர்கள் விங். பந்து பறிபோனால் அடுத்த நொடியே பேக். நூறு மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தை இவ்வாறு எத்தனை முறை அளக்கவேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பயன் கிடைத்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பெங்களூருவிடம் 0-1 எனத் தோற்ற அவ்வணி, 2020 மார்ச் 8 அன்று நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 3-1 என வென்றது. பிரபீர் தாஸ் வலப்புறத்திலிருந்து அனுப்பிய பந்துகளே அன்று திருப்பத்தை உண்டாக்கின. மார்ச் 14 அன்று, தொற்றுநோய் அச்சத்தால் பார்வையாளர் எவருமின்றிக் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், சென்னையின் அணியை 3-1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. முதற்சாராரின் கட்சிக்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்த பருவத்தின் கதை வேறு. மோகன் பகானோடு இணைந்து புதுப்பெயர் பூண்ட அவ்வணி, 2020 நவம்பர் 20 அன்று கேரளத்தின் அணியை எதிர்த்துத் தன் முதல் ஆட்டத்தை ஆடியது. ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆவதற்குள் சூசைராஜ் காயமுற்று வெளியேறினார். அப்பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. அன்று ராய் கிருஷ்ணாவின் கோலால் அணி 1-0 என வென்றது உண்மையே. காப்பும் தளரவில்லை: லீகின் 20 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15தாம். ஆனால் அடித்தவை 28. அதே 40 புள்ளிகளைப் பெற்ற மும்பை அணியோ 35 கோல்களை அடித்திருந்தது. அணியின் 28 கோல்களில் பாதியை ராய் கிருஷ்ணா ஒருவரே அடித்தார். 2021 மார்ச் 13 அன்று இறுதியாட்டத்தில் அதே மும்பையிடம் 90ஆம் நிமிடக் கோலால் 1-2 எனத் தோற்றது.

இத்தோல்விக்கு ஒருவரது காயமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு எளிதாகக் காரணம் காண்பது நியாயமாகாது. நான் சுட்டுவது அமைப்பிலுள்ள ஒரு தன்மையை. நாஞ்சில் நாட்டு உழவர் இதனை நன்கு அறிவர். வயல் முழுவதற்கும் ஒரே வாய்க்கால் என்றால், நீர் ஓடும்வரை கடைமடையும் செழிக்கும். கரை ஓரிடத்தில் உடைந்தால், அணையில் நீர் நிரம்பியிருந்தும் பயிர் வாடும். இரு காப்பாளரை நம்பி ஆடுவது தவறன்று. அவர்களை மட்டுமே நம்பி ஆடுவதுதான் குறுகிய ஆட்டம்.

அப்படியாயின் மறுவழி யாது? நம் நாட்டு வரலாறே காட்டுகிறது. 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் நடுக்காப்பாளர் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றார். பயிற்சியாளர் ரஹீம் அவரை வெளியே அமர்த்திவிடவில்லை. முன்னணியில் நிறுத்தி ஆடவைத்தார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்ற இந்தியாவின் இரு கோல்களுள் ஒன்று ஜர்னைல் சிங் அடித்தது. ஒருவர் இரு தொழிலும் அறிந்திருந்ததாலும், அதனைப் பயிற்சியாளர் முன்பே உணர்ந்திருந்ததாலும் இடையூறே வழியாயிற்று.

பள்ளி அணிகளுக்கும் இதே நெறி பொருந்தும். விரைந்து ஓடும் ஒரு மாணவன் கிடைத்துவிட்டால், ஓரம் முழுவதையும் அவன் தலையில் சுமத்திவிடுவது எளிது. அவன் முன்னேறும்போது அவன் இடத்தைக் காக்க இன்னொருவனைப் பழக்குங்கள். அவன் இல்லாத நாளில் யார் ஓடுவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே தீர்மானியுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் காப்பாளன் முன்னணியிலும், முன்னணியினன் காப்பிலும் நின்று பழகட்டும். தன் தோழன் செய்யும் வேலையின் அருமையை அதனைத் தானே செய்து பார்த்தவன்தான் அறிவான். களைத்த தோழனுக்கு ஈடுகொடுக்கவும் அவனால்தான் முடியும்.